பக்கத்துத் தீவுகளிடம் மொரீஷியஸ் என்ன கற்கலாம்?

பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "இந்தத் தீவுகளிலேயே வசதியிலும் நிர்வாகத்திலும் முன்னால் நிற்பது மொரீஷியஸ்தான். சாகோஸ் விஷயத்தில் பிரிட்டனையே சர்வதேச நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைத்தோம். அப்படியிருக்க, சீஷெல்ஸ், மாலத்தீவு, கொமொரோஸ் மாதிரியான நாடுகளின் வெளியுறவில் நாம் கற்க என்ன இருக்கிறது?"

கேள்வியில் இருக்கும் பெருமிதம் எனக்கும் உண்டு, தம்பி. பிராந்தியக் கூட்டங்களில் குறிப்பெடுப்பது, வரைவுகளைத் திருத்துவது என்று பின்வரிசையில் உட்கார்ந்தே வேலைக் காலத்தைக் கழித்தவன் நான். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், கற்க நிறையவே இருக்கிறது. முக்கியமாக இரண்டு. ஒன்று, இந்தக் கடல் முழுவதற்கும் தேவைப்படுகிற, ஆனால் யாரும் முன்வராத ஒரு வேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வது. இன்னொன்று, வெளிநாட்டோடு கையெழுத்துப் போடும் முன்பே சொந்த நாடாளுமன்றத்தையும் சொந்த மக்களையும் கூட்டிக்கொள்வது. வழக்காடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். இந்த இரண்டிலும் நம்மைவிடச் சின்ன நாடுகள் நம்மைத் தாண்டிப் போய்விட்டன.

முதலில் நம் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1965 நவம்பரில், சுதந்திரத்துக்கு இரண்டு வருடம் நான்கு மாதம் முன்பு, பிரிட்டன் சாகோஸ் தீவுக்கூட்டத்தை நம்மிடமிருந்து பிரித்தது. அங்கே வாழ்ந்த மக்களை 1973க்குள் மொத்தமாக வெளியேற்றி, பெரும்பாலோரைப் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. ராணுவமும் பணமும் இல்லாத நாம் இதற்கு எடுத்த ஆயுதம் சட்டம் ஒன்றுதான். 2017 ஜூனில் ஐ.நா. பொதுச்சபை 94க்கு 15 என்ற வாக்கில் விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2019 பிப்ரவரி 25 அன்று, பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் தன் நிர்வாகத்தைக் கூடிய சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கருத்துரைத்தது. அதே வருடம் மே 22ல் பொதுச்சபை 116க்கு 6 என்று அதை வழிமொழிந்தது. ஆப்பிரிக்க நாடுகள் கூட நின்றன. இது யாரும் குறைத்துப் பேசக்கூடிய சாதனை அல்ல.

ஆனால் அந்த ஆறு எதிர் வாக்குகளைப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஹங்கேரி. ஆறாவது, மாலத்தீவு. சாகோஸுக்கு நம்மைவிடப் பக்கத்தில் இருக்கும் நாடு, நம்மைப் போலவே பிரிட்டனின் கீழ் இருந்த நாடு, காலனி ஆட்சியை முடிக்கும் வாக்கெடுப்பில் எதிராகக் கை தூக்கியது. காரணத்தையும் வெளிப்படையாகவே சொன்னார்கள். தங்கள் கண்டத்திட்டை, அதாவது கடலுக்கடியில் தங்களுக்கு உரிமையான தரையை, நீட்டிக்கக் கேட்டு 2010லேயே ஐ.நா.வில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், சாகோஸ் கை மாறினால் அது என்ன ஆகும் என்று தெரியவில்லை என்றார்கள். அதாவது, அவர்களுக்கு இருந்தது கடல் எல்லை பற்றிய பயம். அந்தப் பயத்தை முன்கூட்டியே போய் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது உங்கள் பாடத்திலேயே இருக்கும். எல்லை வகுக்கக் கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். சாகோஸ் மீது மொரீஷியஸின் உரிமை தீர்ந்துபோன விஷயம் என்று 2021 ஜனவரியில் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு எடுத்துக்கொண்டது. 2022ல் மாலத்தீவு அதிபர் சோலிஹ் நிலைப்பாட்டை மாற்றி, நம் பக்கம் வருவதாகக் கடிதம் எழுதினார். 2023 ஏப்ரல் 28ல் தீர்ப்பு வந்தது. சர்ச்சையில் இருந்த சுமார் 92,000 சதுர கிலோமீட்டர் கடலில் பாதிக்குச் சற்று அதிகம் மாலத்தீவுக்கே போனது. 200 கடல் மைலுக்கு அப்பாலும் கண்டத்திட்டு வேண்டும் என்று நாம் கேட்டதை அமர்வு ஏற்கவில்லை.

கணக்கு பார்த்தால் மாலத்தீவுக்கு நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மாலேயில் அந்தக் கடிதம் ஒரு பூகம்பத்தையே கிளப்பியது. "நம் கடலை விட்டுக்கொடுத்துவிட்டார்" என்ற குரல் தேர்தல் மேடை வரை போனது. அதிபர் எடுத்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதை அவர் தன் மக்களிடம் முன்னாலேயே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இதைத்தான் இந்தப் பதில் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

சரி, சீஷெல்ஸுக்கு வருவோம். இந்தக் கடலில் நாம் அதிகம் கற்க வேண்டியது அங்கேதான்.

ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நம்மில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காவல் காக்க வேண்டிய கடலோ சுமார் பதின்மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர். 2008ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு. அந்த நிலையில் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மீன்பிடிப் படகுகள் கரையை விட்டுப் போக அஞ்சின. உல்லாசக் கப்பல்கள் வழியை மாற்றிக்கொண்டன. அப்போது பெரிய நாடுகளின் போர்க்கப்பல்கள் கொள்ளையர்களைப் பிடிக்கத்தான் செய்தன, ஆனால் பிடித்து என்ன செய்வது என்று தெரியாமல் பலரை அப்படியே விட்டுவிட்டன. விசாரிக்க நீதிமன்றம் இல்லை, அடைக்கச் சிறை இல்லை. ஏற்றுக்கொண்டிருந்த கென்யாவும் 2010ல் சுமை தாங்காமல் பின்வாங்கியது.

சீஷெல்ஸ் அந்த வருடமே சட்டத்தைத் திருத்தியது. திறந்த கடலில் எங்கே, யார், யாருக்கு எதிராகக் கொள்ளை செய்தாலும் சீஷெல்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட சந்தேக நபர்களை ஏற்று விசாரித்தார்கள். ஐ.நா. உதவியோடு சிறையை விரிவாக்கினார்கள். தண்டனை பெற்றவர்களைச் சோமாலியாவுக்கே திருப்பி அனுப்பி அங்கே சிறை வைக்க ஒப்பந்தமும் செய்தார்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்னச் சிறை நிரம்பி வழிந்திருக்கும். உளவுத் தகவலைச் சேர்த்து ஒப்பிடும் மையமும் அங்கேயே வந்தது. ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா, சீனா என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சீஷெல்ஸ் தேவைப்பட்டது. நம் கோயில் விருந்தில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது கவனித்திருப்பீர்கள், வந்தவர்கள் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கரண்டி பிடித்திருப்பவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். சீஷெல்ஸ் அந்தக் கரண்டியைக் கையில் எடுத்தது.

நாமும் சும்மா இருக்கவில்லை. 2011ல் கடற்கொள்ளைச் சட்டம் இயற்றினோம். 2013ல் பன்னிரண்டு சந்தேக நபர்களை ஏற்று விசாரித்தோம். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நாம் ஒரு வழக்கை எடுத்தோம், அவர்கள் அந்த வேலையையே எடுத்தார்கள். பின்னாளில், இந்தத் தீவுகள் சேர்ந்திருக்கும் இந்தியப் பெருங்கடல் ஆணையம் கடல் பாதுகாப்புக்கு ஓர் அமைப்பை உண்டாக்கியபோது, கப்பல் நடமாட்டத் தகவலைச் சேர்க்கும் மையம் மடகாஸ்கரின் அண்டனானரிவோவுக்குப் போனது. கப்பலையும் விமானத்தையும் ஒருங்கிணைத்து அனுப்பும் மையம் சீஷெல்ஸுக்குப் போனது. அதற்கான ஒப்பந்தங்கள் 2018ல் நம் மண்ணில்தான் கையெழுத்தாயின. ஆணையத்தின் தலைமைச் செயலகம் நம் எபேன் நகரில் இருக்கிறது. 1997ல் இங்கேயே பிறந்த இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்தின் செயலகமும் எபேனில்தான். கட்டடங்கள் நம்மிடம், கண்காணிப்பு வேலை அவர்களிடம். கூட்டங்களில் யார் பேச்சுக்கு எடை அதிகம் என்பதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009ல் மடகாஸ்கரில் ஆட்சி கவிழ்ந்தது. ஆட்சியை இழந்த ரவலோமனனாவும், பிடித்த ரஜோலினாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயாராக இல்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்புதான் சமரசம் பேசியது, நாமும் அதில் உறுப்பினர். 2012 ஜூலையில் அந்த இருவரையும் உட்கார வைத்த இடம் சீஷெல்ஸின் டெரோஷ் தீவு. பத்திரிகைக்காரர் கூட்டம் இல்லை, ஆதரவாளர் கோஷம் இல்லை, எழுந்து வெளியே போனாலும் கடற்கரைதான். உடனே ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களில், இருவருமே தேர்தலில் நிற்பதில்லை என்று அறிவிக்கும் நிலை வந்தது. 2013 கடைசியில் தேர்தலும் நடந்தது. 2025 அக்டோபரில் அங்கே மறுபடி ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. சமரசம் எப்போதும் நிலைக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒரு தீவைக் கொடுத்து, கதவைச் சாத்தி, வெளியே காத்திருக்கும் பொறுமைக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

இப்போது அந்த இரண்டாவது விஷயம். இதைப் பேசும்போது நம்மில் சிலருக்கு மனம் நோகலாம், இருந்தாலும் பேசத்தான் வேண்டும்.

2015ல் இந்தியப் பிரதமர் ஒரே பயணத்தில் சீஷெல்ஸுக்கும் மொரீஷியஸுக்கும் வந்தார். அங்கே அசம்ப்ஷன் தீவு, இங்கே அகலேகா. இரண்டிலும் ஓடுபாதையும் துறைமுக வசதியும் கட்டித் தர இந்தியா ஒப்புக்கொண்டது. கடலைக் கண்காணிக்க இரண்டு நாடுகளுக்கும் உதவி தேவைதான், அதில் சந்தேகமில்லை. அசம்ப்ஷன் இருப்பது உலகப் பாரம்பரியச் சின்னமான அல்டாப்ராவுக்குப் பக்கத்தில். ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் வாழும் பவளத்தீவு அது. 2018 ஜனவரியில் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி மறுபடி கையெழுத்திட்டார்கள். அதன் வாசகம் இணையத்தில் வெளியானது. தலைநகர் விக்டோரியாவின் தெருக்களில் மக்கள் கூடினார்கள். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை எதிர்க்கட்சியிடம் இருந்தது. ஒப்புதல் தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னதும், அதிபர் ஃபோர் அதைச் சபைக்குக் கொண்டுவருவதையே கைவிட்டார்.

அந்தச் சமயத்தில் நான் விக்டோரியாவில் இருந்தேன். நவசக்தி விநாயகர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஒரு மளிகைக் கடையில் தண்ணீர் வாங்க நின்றேன். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதி, ஓரம் சுருண்டு, சில வரிகளுக்கு அடியில் பேனாக் கோடு. "நம்ம நாடு கேட்டதை வேணாம்னு சொல்ல மனசு வரலை, அண்ணே. ஆனா இங்கதானே பிள்ளைங்க வளருது? படிச்சுப் பார்க்கணும்ல?" என்றார். கோடு போட்டிருந்த வரி ஒன்றைக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று என்னையே கேட்டார். ஒரு மளிகைக் கடைக்காரர் ஒப்பந்த வாசகத்தை வரி வரியாகப் படித்து வைத்திருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்புறம் என்ன ஆனது? இந்தியா கோபித்துக்கொண்டதா? அதே 2018 ஜூனில் அதிபர் ஃபோர் டில்லிக்குப் போனார். இந்தியா இரண்டாவது டோர்னியர் கண்காணிப்பு விமானத்தைக் கொடுத்தது. பாதுகாப்புத் தேவைகளுக்கு 10 கோடி டாலர் கடனுதவியும் அறிவித்தது. "எங்கள் நாடாளுமன்றம் ஏற்கவில்லை" என்ற பதில் ஒரு சின்ன நாட்டுக்கு எவ்வளவு பெரிய கவசம் பாருங்கள். யாரும் அவமானப்படவில்லை, உறவும் முறியவில்லை.

அகலேகாவில் நடந்தது வேறு. நம் தீவிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, முந்நூறு பேர் வாழும் இடம். தேங்காய்த் தோட்டம், மீன்பிடி, வருடத்துக்குச் சில கப்பல்கள். அங்கே மூன்று கிலோமீட்டர் நீள ஓடுபாதை வந்தது, 2024 பிப்ரவரி 29ல் இரு பிரதமர்களும் காணொளியில் திறந்து வைத்தார்கள். மருத்துவ அவசரத்துக்கு விமானம் இறங்க முடிகிறது என்பது அந்த மக்களுக்கு உண்மையான நன்மை. ஆனால் திறப்பு விழாவுக்கு முந்தைய வருடங்களில், ஒப்பந்த வாசகத்தைக் காட்டுங்கள் என்று எதிர்க்கட்சியும் அகலேகா மக்களின் ஆதரவாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்டபோது, "அது ராணுவத் தளம் அல்ல" என்ற வாக்குறுதிதான் பதிலாக வந்தது. வாக்குறுதி உண்மையாகவே இருக்கட்டும். வாசகத்தைச் சபையில் வைத்திருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது.

நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே, "இந்தியா நம் தாய்வீடு, அதைக் கேள்வி கேட்கலாமா?" என்று ஒரு குரல் வரும். அந்தப் பாசம் எனக்கும் குறைவில்லை. ஆனால் நாம் கேள்வி கேட்பது டில்லியை அல்ல, போர்ட் லூயிஸை. நம் வரியில் சம்பளம் வாங்கும் அரசாங்கம் நம் பெயரில் என்ன எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துகொள்வது உரிமை. அந்த மளிகைக் கடைக்காரர் தன் பிள்ளைகளுக்காகச் செய்ததும் அதுதானே.

நாடாளுமன்றத்தை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு, ட்ரொமெலின். ஒரு சதுர கிலோமீட்டர் மணல் திட்டு, பிரான்ஸ் வைத்திருக்கிறது, நாம் உரிமை கோருகிறோம். 2010 ஜூனில், உரிமைச் சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சுற்றியுள்ள கடலைச் சேர்ந்து நிர்வகிக்கலாம் என்று இரு அரசுகளும் கையெழுத்திட்டன. நல்ல யோசனை. ஆனால் பாரிஸில் உறுப்பினர்களிடம் யாரும் அதைச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. இறையாண்மை போகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதும், 2017 ஜனவரியில் அது சபை நிகழ்ச்சி நிரலிலிருந்தே நீக்கப்பட்டது. இன்றுவரை தூங்குகிறது.

இதே யோசனை நமக்கும் சீஷெல்ஸுக்கும் நடுவில் அழகாக வேலை செய்தது. இதை நீங்கள் ஆழமாகப் படிக்க வேண்டும், தம்பி. மஸ்கரீன் பீடபூமியின் கண்டத்திட்டுக்கு இரு நாடுகளும் தனித்தனியே உரிமை கோரியிருக்கலாம், கோரியிருந்தால் முப்பது வருடம் சண்டை போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக 2008 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்திடம் சேர்ந்து ஒரே விண்ணப்பம் கொடுத்தோம். 2011ல் ஆணையம் பரிந்துரைத்தது. 2012 மார்ச் 13ல் கையெழுத்து. சுமார் 3,96,000 சதுர கிலோமீட்டர் கடலடித் தரை, நடுவில் கோடு கிடையாது, எண்ணெயோ கனிமமோ எது கிடைத்தாலும் பாதிப் பாதி. இரண்டு நாடுகள் சேர்ந்து கடலடித் தரையை நிர்வகிக்கும் ஏற்பாடுகளில் உலகின் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, சட்ட மாணவருக்குப் பிடிக்கும். நமக்கும் அவர்களுக்கும் சொந்தமானது தரை மட்டும். மேலே இருக்கும் தண்ணீர் திறந்த கடல், எல்லா நாட்டுக்கும் பொது. அந்தப் பரப்பில்தான் சாயா டி மல்யா திட்டு இருக்கிறது, உலகின் மிகப் பெரிய கடற்புல் வெளிகளில் ஒன்று. தரையில் வேரூன்றிய புல்லும், தரையோடு ஒட்டி வாழும் கடல் அட்டையும் நம் இரு நாடுகளின் பொறுப்பு. அதற்கு ஒரு முழம் மேலே நீந்தும் மீனை எந்த நாட்டுக் கப்பலும் பிடிக்கலாம். அடிமடி வலை போட்டு இழுக்கும் கப்பல் மீனோடு புல்லையும் வாரிக்கொண்டு போகும். இதைத் தடுக்க இரு நாடுகளும் போதாது, வட்டார மீன்பிடி அமைப்புகளில் மற்ற நாடுகளின் ஆதரவைத் திரட்ட வேண்டும். இந்த வேலையை மொரீஷியஸ் தன் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் ஆசை. சீஷெல்ஸ் தன் பங்குக்குச் செய்திருக்கிறது: கடன் கொடுத்த நாடுகளோடு பேசி 2016ல் 2 கோடியே 16 லட்சம் டாலர் கடனைக் கடல் பாதுகாப்புச் செலவாக மாற்றியது, 2018ல் 1.5 கோடி டாலருக்கு கடல் சார்ந்த பணிகளுக்குக் கடன் திரட்டும் உலகின் முதல் நீலப் பத்திரத்தை வெளியிட்டது, 2020ல் தன் கடலில் முப்பது சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. நம்மிடம் இருக்கும் நிதித்துறை அறிவுக்கு இது பெரிய காரியமே இல்லை.

கொமொரோஸைப் பற்றிக் கொஞ்சம். ஏழை நாடு, அடிக்கடி ஆட்சிக் கவிழ்ப்பு, அதன் உள்நாட்டு அரசியலில் பின்பற்ற ஒன்றுமில்லை. ஆனால் மயோட் விஷயத்தில் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். 1975ல் சுதந்திரம் பெற்றபோது நான்கு தீவுகளில் ஒன்றைப் பிரான்ஸ் வைத்துக்கொண்டது, 2011ல் அதை முழு மாவட்டமாகவும் ஆக்கிவிட்டது. இருந்தாலும் கொமொரோஸும் பிரான்ஸும் 1986லிருந்து இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் ஒரே மேஜையில் உட்காருகின்றன. பிரான்ஸ் ரீயூனியன் சார்பில்தான் உட்காரலாம், மயோட் உள்ளே வர முடியாது. இன்றுவரை கொமொரோஸ் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. 2015 தீவுகள் விளையாட்டில் மயோட் வீரர்கள் பிரெஞ்சுக் கொடியோடு நடந்தபோது, தன் அணியையே திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனால் ஆணையத்தை விட்டு வெளியேறவில்லை. கோரிக்கையை விடாமல், நாற்காலியையும் விடாமல் இருப்பது சுலபமில்லை. 2023ல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமை அந்தக் குட்டி நாட்டுக்கு வந்தது. ஒன்றியத்துக்கு ஜி20ல் நிரந்தர இடம் கிடைத்த டில்லி மாநாட்டில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் கொமொரோஸ் அதிபர் அஸாலிதான்.

ரீயூனியன் ஒரு நாடு அல்ல, பிரான்ஸின் பகுதி. ஆனாலும் பக்கத்து வீடு. 2005-06ல் சிக்குன்குனியா அங்கே மூன்றில் ஒருவரைத் தாக்கியது, நம்மையும் விடவில்லை. அதற்குப் பிறகு தீவுகள் சேர்ந்து நோய்க் கண்காணிப்பு வலையமைப்பை உண்டாக்கின. ஒரு தீவில் காய்ச்சல் கிளம்பினால் மற்றத் தீவுகளுக்குச் செய்தி போகும். புயலிலும் அப்படித்தான். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயலை ஆராய்ந்து வகைப்படுத்துவது ரீயூனியன் மையம். 55 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உருவானால் பெயர் வைப்பது நாம், மேற்கே என்றால் மடகாஸ்கர். பிரெஞ்சு ஆய்வும் நம் பெயரும் சேர்ந்து வருவதை வானொலியில் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம், இதுவும் ஒரு வெளியுறவு என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

2024 ஜனவரி 15, பெலால் புயல். ரீயூனியனில் ஊதா எச்சரிக்கை, அதாவது உயர்ந்தபட்சம், தெருவில் ஆள் நடமாட்டமே கூடாது. நான் அன்று காலை போர்ட் லூயிஸில் இருந்தேன், ஆயிரக்கணக்கானவர்கள் வழக்கம்போல் வேலைக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகச் சொன்னபோது தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்து போனதை மேம்பாலத்திலிருந்து பார்த்தேன். ஒரு பெண் கார்க் கூரை மேல் உட்கார்ந்து கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, இளைஞர்கள் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். இரு தீவுகளுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரே புயலின் ஒரே வரைபடம் இரு இடங்களிலும் இருந்தது. ஒரு தீவு வாசலைச் சாத்தியபோது இன்னொரு தீவு ஏன் திறந்து வைத்திருந்தது என்று யாராவது போய்க் கேட்டு, அவர்கள் முடிவெடுக்கும் முறையைப் பார்த்து வந்தால், அதைவிடப் பயனுள்ள அரசுப் பயணம் எனக்குத் தெரியாது.

வகாஷியோ கப்பலையும் மறக்க முடியாது. 2020 ஜூலை 25ல் நம் தென்கிழக்குக் கரையில் புவாந்த் தெஸ்னியில் அது தரை தட்டியது, ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது, சுமார் ஆயிரம் டன். மாஹேபூர்க் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்துத் தடுப்பு மிதவை செய்தார்கள். ரீயூனியனிலிருந்து ராணுவ விமானமும் கப்பலும் மிதவைகளோடு வந்தன. அவர்கள் வந்ததற்கு நாம் என்றும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கப்பல் தட்டிய நாளுக்கும் கசிந்த நாளுக்கும் நடுவே பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அந்த நாட்களிலேயே பக்கத்துத் தீவுகளின் மிதவைகளும் தட்டிய இடத்தில் இருந்திருக்க வேண்டும். புயல் நிவாரணத்துக்குச் செஞ்சிலுவைச் சங்கம் ரீயூனியனை மையமாக வைத்து, பல தீவுகளில் பொருளை முன்கூட்டியே கிடங்கில் போட்டு வைத்திருக்கிறது. எண்ணெய்க்கும் அதே ஏற்பாடு வேண்டும், அதை முன்மொழிய அடிபட்ட நாட்டைவிடத் தகுதியானவர் யார்?

இதெல்லாம் சாகோஸுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். 2025 மே 22ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. சாகோஸ் மீது நம் இறையாண்மை ஏற்கப்பட்டது, ராணுவத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவு மட்டும் பிரிட்டனுக்கு 99 வருடக் குத்தகைக்கு. கையெழுத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை, லண்டனிலும் வாஷிங்டனிலும் எதிர்ப்பு உண்டு. அதைவிட என்னைச் சுடுவது, அந்தத் தீவுகளில் பிறந்தவர்களில் பலர் "எங்களைக் கேட்காமலே பேசி முடித்தார்கள்" என்று சொல்வது. இங்கே ஒலிவியே பன்கூல் தலைமையிலான சாகோஸ் அகதிகள் அமைப்பு ஒப்பந்தத்தை ஆதரிக்கிறது. பிரிட்டனில் வாழும் பலர் எதிர்க்கிறார்கள். இரு தரப்புமே அந்த மண்ணின் பிள்ளைகள். போர்ட் லூயிஸின் கஸ்ஸியிலும் ரோஷ் புவாவிலும் அவர்கள் பட்டினி கிடந்த காலத்தை என் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. குத்தகைப் பணம் எப்படிச் செலவாகும், யார் எந்தத் தீவில் குடியேறலாம், அங்கே மீன்பிடி யாருக்கு என்பதையெல்லாம் அவர்களை மேஜையில் உட்கார வைத்துத் தீர்மானிக்க வேண்டும். மாலத்தீவையும் சீஷெல்ஸையும் அந்தக் கடலைப் பாதுகாக்கும் வேலைக்கு இப்போதே அழைக்க வேண்டும். சாகோஸ் மக்களில் ஒரு பகுதியினரை இறக்கிவிட்ட இடம் சீஷெல்ஸ்தான், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

கடைசியாக, இந்தத் துறைக்கு வர விரும்பினால் எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் கிரியோலும் உங்களிடம் ஏற்கனவே இருக்கின்றன. மலகாசி கற்றுக்கொள்ளுங்கள். மூன்று கோடிப் பேர் வாழும் பக்கத்து நாட்டின் மொழி, நம் கூட்டங்களில் மடகாஸ்கர்ப் பிரதிநிதிகள் தங்களுக்குள் பேசுவது அதில்தான். ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் 2012 கூட்டு நிர்வாக ஒப்பந்தத்தை எடுங்கள். தரை நமக்கு, தண்ணீர் எல்லாருக்கும் என்றிருக்கும் இடத்தில் கடற்புல்லைக் காப்பாற்றும் கடமையை எந்தப் பிரிவின் கீழ் மற்ற நாடுகள் மேல் சுமத்த முடியும் என்ற கேள்வியோடு தொடங்கலாம். வரைவு எழுதினால் எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.